விழுப்புரம் போய்த் திரும்புமா?

தாம்பரத்தில் கிளம்பி ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் திண்டிவனம் நூறு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். விழுப்புரம் சுமார் 135. போய் வர 270. இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் நடுத்தர மின்சார கார்கள் பலவற்றின் விளம்பரத்தில் 400 கிலோமீட்டருக்கு மேல்தான் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் காலையில் தாம்பரத்தில் புறப்பட்டு, விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, எங்கேயும் சார்ஜ் போடாமல் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாமா?

இந்தக் கேள்விக்கு ஊரில் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. "போட்டிருக்கிறதுல பாதிதான் ஓடும், எல்லாம் ஏமாத்து வேலை" என்பவர்கள் ஒரு பக்கம். விளம்பரத்தில் இருக்கிற எண்ணை அப்படியே நம்பிக் கிளம்பி, திரும்பும் வழியில் அச்சிறுபாக்கம் தாண்டியதும் பேட்டரி சதவீதத்தைப் பார்த்து வியர்ப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். டாங்கில் இத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதுபோல ஒரு மின்சார கார் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதும் அந்தக் காருக்கே உரிய நிலையான அளவு என்று நினைக்கிறார்கள். அது அப்படிப்பட்ட அளவே இல்லை.

2019-ல் ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக் இந்தியாவுக்கு வந்தபோது ஒரு தடவை சார்ஜ் போட்டால் 452 கிலோமீட்டர் என்றார்கள். 39.2 கிலோவாட்-மணி பேட்டரி. ஐரோப்பாவில் அதே அளவு பேட்டரியோடு விற்ற கோனாவுக்கு அங்கே கொடுத்த எண் ஏறக்குறைய 300. காரும் பேட்டரியும் ஒன்றே, சோதித்த முறை மட்டும்தான் வேறு.

நம் நாட்டில் இந்தத் தூரத்தைச் சாலையில் ஓட்டி அளப்பதில்லை. புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக்கூடங்களில் காரை உருளைகள் மேல் நிறுத்தி, எந்த விநாடியில் எந்த வேகம் என்று முன்கூட்டியே வகுத்த ஓர் அட்டவணைப்படி ஓட வைக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரகடத்திலும் அப்படியொரு மையம் இருக்கிறது. அட்டவணையின் பெயர் எம்.ஐ.டி.சி. அதில் முதல் பகுதி நகர ஓட்டம், உச்ச வேகம் 50 கிலோமீட்டர். இரண்டாம் பகுதி ஊருக்கு வெளியே ஓடுவது, அதிலும் உச்சம் 90, அந்த 90-ஐத் தொடுவதும் கொஞ்ச நேரம்தான். மொத்தத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மணிக்கு 32, 33 கிலோமீட்டர். ஏசி ஓடாது, எதிர்க்காற்று கிடையாது, டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரமும் கிடையாது. ஐரோப்பியச் சோதனையில் வேகம் 131 வரை போகும். 452 எப்படி 300 ஆனது என்பதற்கு இதுவே போதும்.

2024 ஆகஸ்டில் வந்த டாடா கர்வ் காரின் 55 கிலோவாட்-மணி மாடலுக்கு மூன்று எண்கள் சொல்லப்பட்டன. பழைய வழக்கப்படி அட்டவணையின் முதல் பகுதியை மட்டும் பார்த்தால் 585. இரண்டு பகுதிகளையும் சேர்த்தால் 502. வாடிக்கையாளர்களில் நான்கில் மூன்று பேருக்காவது நடைமுறையில் கிடைக்கும் என்று நிறுவனமே கணித்தது 400 முதல் 425. இந்த மூன்றாவது எண்ணை நிறுவனமே முன்வந்து சொல்ல ஆரம்பித்ததை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அதுவும் ஊருக்குள் ஓட்டுவதையும் வெளியூர் ஓட்டத்தையும் கலந்து எடுத்த கணக்குதான். மேல்மருவத்தூரிலிருந்து திண்டிவனம் வரை இடைவிடாமல் நூறில் போகிறவருக்கு வேண்டிய எண் இன்னும் எந்த விளம்பரத்திலும் இல்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தில், ஏசி போட்டு, நான்கு பேரோடு எவ்வளவு ஓடும் என்பதையும் அச்சிட வேண்டும் என்று அரசு ஒரு விதி போட்டால், வாங்குகிறவர்களின் பாதி சந்தேகம் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

அந்த விதி வரும்வரை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மின்வாரியத்தின் ஒரு யூனிட்டும் ஒரு கிலோவாட்-மணியும் ஒன்றுதான். 45 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் 45 யூனிட் கரண்டு பிடிக்கும் என்று பொருள். அதில் ஓட்டத்துக்குக் கைக்கு வருவது 43 என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் சீரான வேகத்தில் போகும் கார் இரண்டு தடைகளோடு மல்லுக்கட்டுகிறது. ஒன்று டயர் உருள்வதில் வரும் தடை. வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது. இன்னொன்று காற்று. இது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60-லிருந்து 100-க்குப் போனால் வேகம் ஒன்றே முக்கால் மடங்குகூட ஆவதில்லை, காற்றின் தடையோ ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகிறது. சிறிய எஸ்.யூ.வி. ஒன்றின் உருவத்தையும் 1,700 கிலோ எடையையும் வைத்து, மோட்டாரில் வீணாவதையும் ஏசியையும் சேர்த்துப் பார்த்தால், நூறு கிலோமீட்டர் தூரத்துக்கு 60 வேகத்தில் சுமார் 12 யூனிட் ஆகிறது. 80-ல் 15 யூனிட். 100-ல் பதினெட்டரை.

இப்போது விழுப்புரம் கணக்குக்கு வருவோம். போய் வர 270 கிலோமீட்டர். நூறில் ஓட்டினால் 50 யூனிட் வேண்டும், கையில் இருப்பது 43. வழியில் சார்ஜ் போடாமல் வீடு வந்து சேர முடியாது. எண்பதில் ஓட்டினால் 40 யூனிட், தாம்பரம் வந்து சேரும்போது மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் சேர்ந்துவிடும். அறுபதில் போகிறவர் வந்த பிறகும் பல்லாவரம் பக்கம் ஒரு வேலையை முடித்துக்கொண்டு வரலாம். கார் ஒன்று, சாலை ஒன்று, பேட்டரியும் ஒன்று. வலது காலின் அழுத்தம்தான் விடையை மாற்றுகிறது. நம்மூர் நடுத்தர மின்சார காருக்கு இந்தப் பயணம் சரியாக விளிம்பில் வந்து நிற்பதால்தான், போய் வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை.

இந்தச் சாலைக்கென்று இரண்டு குணங்களும் உண்டு. செங்கல்பட்டு தாண்டினால் பெரும்பாலும் தட்டையான நிலம். ஏற்காடு, ஊட்டி மலைப்பாதைகளில் இறங்கும்போது பிரேக்கின் சக்தியை மின்சாரமாக்கித் திரும்பப் பிடிக்கலாம், இங்கே நெடுஞ்சாலை வேகத்தில் அதற்கு வாய்ப்புக் குறைவு. அடுத்தது காற்று. வடகிழக்குப் பருவத்தில் விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வருகிறவர் ஏறத்தாழ காற்றின் முகத்துக்கு நேராக வருகிறார். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், நூறில் போகும் கார் 120-ல் போகும்போது சந்திக்கும் தடையைச் சந்திக்கிறது. காற்றின் தடை மட்டும் 44 சதவீதம் கூடிவிடும். கார்த்திகை மாதத்தில் போகும்போது ஆன செலவைவிட வரும்போது ஆன செலவு கூடினால் பேட்டரி கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

பெட்ரோல் காருக்கும் இதே காற்று, இதே டயர்தானே, அதில் ஏன் இப்படித் தெரிவதில்லை? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 40 லிட்டர் டாங்க் என்றால் 360 யூனிட்! மின்சார காரின் 45 யூனிட் என்பது வெறும் ஐந்து லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஐந்து லிட்டருக்குள் அடங்கும் ஆற்றலை வைத்துக்கொண்டுதான் அது முந்நூறு கிலோமீட்டர் வரை ஓடிக் காட்டுகிறது. பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் 70 சதவீதத்துக்கு மேல் சூடாக வெளியே விட்டுவிடுகிறது. அவ்வளவு பெரிய விரயத்துக்குள் ஏசியின் செலவும் எதிர்க்காற்றின் செலவும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகின்றன. நகரத்தில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் இன்னும் மோசமாக வீணடிக்கும், அதனால் ஊருக்குள் மைலேஜ் குறையும், ஹைவேயில் கூடும். மூன்று தலைமுறையாக நாம் பழகிய கணக்கு இது. மோட்டாரோ தனக்கு வந்ததில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது, மறைக்க விரயம் இல்லை. அதனால் ஊருக்குள் கூடவும் ஹைவேயில் குறையவுமாகக் கணக்கு தலைகீழாகிறது. பழைய பழக்கத்தோடு பார்க்கிறவருக்கு இது வண்டியின் குறையாகத் தெரிகிறது.

டாஷ்போர்டில் தெரியும் எண்ணையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இன்னும் 340 கிலோமீட்டர் போகலாம் என்று காட்டுவது பேட்டரியை அளந்து சொல்வதில்லை. கடைசியாக நீங்கள் எப்படி ஓட்டினீர்களோ அதே போல இனியும் ஓட்டினால் என்று ஊகித்துச் சொல்வது. ஒரு வாரம் வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் ஊர்ந்த கார் 340 என்று காட்டிக்கொண்டு கிளம்பும். சிங்கபெருமாள் கோவில் தாண்டி வேகம் பிடித்ததும், கார் பத்து கிலோமீட்டர் ஓடினால் திரையில் பதினைந்து குறையும். அந்தத் திரையில் நம்ப வேண்டியது சதவீதத்தை. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று காட்டும் பக்கமும் பெரும்பாலான கார்களில் இருக்கிறது. அதைப் பார்த்து ஓட்டப் பழகியவர்கள் வழியில் பதறுவதை நான் பார்த்ததில்லை.

பண்டிகை நெரிசலைப் பற்றியும் ஒரு பயம் பரவியிருக்கிறது. பொங்கலுக்கு முந்தின ராத்திரி பரனூர் டோல்கேட்டில் ஆரம்பித்து விக்கிரவாண்டி டோல்கேட் வரை வண்டிகள் நின்றுகொண்டிருக்கும், அதில் மாட்டினால் பேட்டரி தீர்ந்து நடுரோட்டில் நின்றுவிடுமே என்கிறார்கள். நிற்கும் காரில் மோட்டார் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஏசிக்கும் விளக்குக்குமாக மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட். இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றாலும் மூன்று யூனிட், அதாவது 45-ல் ஏழு சதவீதம்கூட இல்லை. நகர்ந்து நகர்ந்து போகும்போது காற்றின் தடையும் இல்லாததால், நெரிசலில் போகிறவருக்கு மொத்தத் தூரம் பல சமயம் கூடவே கிடைக்கும். நார்வேயிலும் கனடாவிலும் பனியில் தூரம் பாதியாகக் குறைந்ததைக் காட்டும் வீடியோக்களைப் பார்த்தும் பயப்படுகிறார்கள். மார்கழி விடியலில்கூட விழுப்புரத்தில் ஸ்வெட்டர் போதும். நம் பேட்டரிக்கு எதிரி சித்திரை வெயில். அதுவும் ஒரு நாள் ஓடும் தூரத்தைப் பெரிதாகக் குறைக்காது, ஆண்டுக்கணக்கில் ஆயுளைக் குறைக்கும்.

சரி, நூறிலேயே போகிறேன், வழியில் சார்ஜ் போட்டுக்கொள்கிறேன் என்றால் என்ன நட்டம்? விழுப்புரத்துக்கு நூறில் போக 81 நிமிடம், எண்பதில் போக 101 நிமிடம். வித்தியாசம் இருபது நிமிடம். திண்டிவனத்தில் 50 கிலோவாட் வேகத்தில் இருபது நிமிடம் சார்ஜ் போட்டால் 16 யூனிட் ஏறும், வேகமாகப் போனதில் கூடுதலாகச் செலவானதை மீட்டுக்கொண்டு மேலேயும் கொஞ்சம் கிடைக்கும். நிதானமாகப் போகலாம், அல்லது வேகமாகப் போய்க் காபி குடிக்கலாம், ஒரு பக்கத்துக்கு நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். திருச்சிக்கும் மதுரைக்கும் போகிறவர்களுக்குத் திண்டிவனமும் விழுப்புரமும் இப்படித்தான் நிறுத்தங்களாக மாறிவருகின்றன. 2022-ல் பாரத் பெட்ரோலியம் சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் தன் பங்க்குகளில் வேக சார்ஜர்களை வைத்து, மின்சார கார்களுக்கான வழித்தடமாக அறிவித்தது. இப்போது நெடுஞ்சாலை ஓட்டல் வாசல்களிலும் சார்ஜர்கள் நிற்கின்றன.

அந்த இருபது நிமிடம் எப்போதும் இருபது நிமிடமாகவே இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கனமான சார்ஜிங் கன்னை இரண்டு கையாலும் பிடித்துச் சொருகி, 'டக்' என்று பூட்டிக்கொண்டதும் சார்ஜரின் திரையில் ஓர் எண் ஏறத் தொடங்கும். அது 48 என்றோ 50 என்றோ போய் நின்றால் நிம்மதி. பக்கத்து கன்னில் இன்னொரு கார் வந்து சேர்ந்தால் பல சார்ஜர்களில் அந்த எண் நன்றாக இறங்கிவிடும், ஏனென்றால் 60 கிலோவாட் என்று எழுதியிருப்பது இரண்டு கன்களுக்கும் சேர்த்து. அடுத்து, எண்பது சதவீதம் தாண்டியதும் வேகம் படுத்துவிடும். பந்தியில் முதல் ஆட்கள் போய் மளமளவென்று உட்கார்ந்துவிடுவார்கள், கடைசி நாலு இலைக்கு ஆள் தேடி உட்காரவைக்கத்தான் நேரம் ஆகும். லித்தியம் அயனிகளும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் இப்படித்தான் இடம் தேடுகின்றன. அந்த நேரத்தில் அவசரப்படுத்தித் திணித்தால் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும். அதனால் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் நூறு சதவீதம் வரை காத்திருப்பது நேர விரயம், பின்னால் காத்திருப்பவருக்கும் இடைஞ்சல். எண்பதில் கழற்றிவிட்டுக் கிளம்புவதே நல்லது.

ஷோரூமில் இவை எதையும் யாரும் பேசுவதில்லை. கூரை முழுக்கக் கண்ணாடி, மூன்று திரை, காற்று வரும் சீட், விலையுயர்ந்த ஸ்பீக்கர், இவற்றைக் காட்டித்தான் டாப் வேரியன்ட்டை விற்கிறார்கள். கண்ணாடிக் கூரை வழியாக நம் வெயில் இறங்குவதால் ஏசிக்குத்தான் வேலை கூடும். அடிப்படை வேரியன்ட்டிலேயே இருக்கிறதா என்று கேட்க வேண்டியவை வேறு. பேட்டரியைத் திரவம் ஓட்டிக் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டா, வேக சார்ஜிங்கில் அதிகபட்சம் எத்தனை கிலோவாட்டை ஏற்கும், எண்பது சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவைக்க முடியுமா, ஸ்டெப்னி இருக்கிறதா? சில மின்சார கார்களில் ஸ்டெப்னிக்குப் பதில் பஞ்சர் ஒட்டும் கிட் மட்டும்தான் கொடுக்கிறார்கள். வீட்டு சார்ஜரும் எப்போதும் விலையில் சேர்ந்து வருவதில்லை. 2024 நவம்பரில் மஹிந்திரா தன் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ கார்களை அறிமுகப்படுத்தியபோது 7.2 கிலோவாட் சார்ஜருக்குத் தனியாக 50,000 ரூபாய் என்றது. 79 கிலோவாட்-மணி வரையிலான பேட்டரியோடு வரும் இந்தக் கார்களுக்குப் பின்னால் இருப்பது, பரனூரை ஒட்டி மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இதே ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமாக இருக்கும் ஆராய்ச்சி மையம். அவ்வளவு பெரிய பேட்டரிக்கு விழுப்புரம் போய் வருவது ஒரு கேள்வியே இல்லை, ஆனால் விலை எல்லோருக்கும் எட்டாது.

திண்டிவனத்துக்காரர்கள், விழுப்புரத்துக்காரர்கள் பலர் மின்சார கார் சென்னைக்காரர்களுக்கானது என்று நினைத்து ஒதுங்குவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உண்மை நேர்மாறாக இருக்கிறது. சென்னை அடுக்குமாடியில் குடியிருப்பவர் பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் போடச் சங்கத்தின் அனுமதிக்கு அலைய வேண்டும். திண்டிவனத்தில் சொந்த வீடும் போர்ட்டிகோவும் வைத்திருப்பவர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நல்ல எர்த்தோடு ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் போட்டால் முடிந்தது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போய் வர சுமார் 80 கிலோமீட்டர், விழுப்புரம் போய் வரவும் அவ்வளவுதான். தினமும் 12 யூனிட். ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சொருகினால் நாலு மணி நேரத்தில் ஏறிவிடும். இந்த ஓட்டத்துக்கு மிகச் சிறிய பேட்டரி கார்கூடத் தாராளம். மாதம் 25 நாள் ஓட்டினால் 300 யூனிட், இரண்டு மாத பில்லில் 600 யூனிட் கூடும். நம் மின்வாரியக் கணக்கில் 500-ஐத் தாண்டினால் விகிதமே மாறிவிடும் என்பதை மறக்கக் கூடாது. மேல் விகிதத்திலேயே வைத்து, யூனிட்டுக்கு 12 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 3,600. அதே 2,000 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 15 ஓடும் பெட்ரோல் கார் 130 லிட்டருக்கு மேல் குடிக்கும்.

விழுப்புரம் மாவட்டத்தில் கேட்கும் இன்னொரு கேள்வி, வெள்ளத்தில் போனால் ஷாக் அடிக்குமா என்பது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அரசூர் அருகே நெடுஞ்சாலையில் வெள்ளம் புரண்டு ஓடி, சென்னை–திருச்சி போக்குவரத்தே நின்றுபோனது. மின்சார கார்களின் பேட்டரிப் பெட்டிக்குப் பொதுவாக ஐ.பி. 67 என்ற தரம் இருக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே இறங்காது என்று அதற்குப் பொருள். உயர் மின்னழுத்தக் கம்பிகள் காரின் உடலோடு தொடர்பில்லாமல் தனித்து இருக்கும், கசிவு தெரிந்தால் காரே இணைப்பைத் துண்டித்துவிடும். எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்து அது உடைந்துபோகும் ஆபத்தும் இதில் இல்லை. ஆனால் அந்த ஒரு மீட்டரும் அரை மணியும் பெட்டிக்கு மட்டும் உள்ள எல்லை. சீட்டுக்கும் மற்ற மின்னணுப் பாகங்களுக்கும் அந்தப் பாதுகாப்புக் கிடையாது. ஓடும் வெள்ளத்தில் எந்தக் காரும் மிதக்கத் தொடங்கிவிடும். ஐ.பி. 67 என்று எழுதியிருப்பதை நம்பி யாரும் தரைப்பாலத்தில் இறங்கக் கூடாது.

புயல் என்றதும் இன்னொரு வசதி நினைவுக்கு வருகிறது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூர், விழுப்புரம் கிராமங்கள் எத்தனையோ நாள் இருட்டில் கிடந்தன. இப்போது வரும் சில மின்சார கார்களில் பேட்டரியிலிருந்து கரண்டை வெளியே எடுக்கும் வசதி இருக்கிறது. 2023-ல் வந்த டாடாவின் புதிய நெக்ஸான் மின்சார காரில் இதைக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 5 யூனிட். புயல் எச்சரிக்கை வந்த அன்றே நிறைய சார்ஜ் போட்டு வைத்த 45 யூனிட் பேட்டரி, ஃப்ரிட்ஜ், ஃபேன், விளக்கு, செல்போன் எல்லாவற்றையும் ஒரு வாரம் தாங்கும். அதற்கென்று கொடுக்கும் அடாப்டரில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகி, பொருட்களை நேராக அதில்தான் இணைக்க வேண்டும். வீட்டு வயரிங்கில் சொருகினால் அந்தக் கரண்டு வெளிக்கம்பிக்கும் போகும், அறுந்த லைனைச் சரிசெய்ய வந்து கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியரின் உயிருக்கு ஆபத்து. இந்த வசதி எல்லா மாடலிலும் கிடையாது, ஒரே மாடலிலும் விலை குறைந்த வேரியன்ட்டில் விட்டுவிடுகிறார்கள். கடலோர மாவட்டக்காரர்கள் கூரைக் கண்ணாடியைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கலாம்.